கத்தி உடைந்ததற்கு எஃகு என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். மொட்டை மாடியில் நாலு செங்கல், ஒரு மூட்டை அடுப்புக்கரி, அக்காவிடம் கேட்காமல் எடுத்து வந்த ஹேர் டிரையர். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டையை மூன்று வாரம் மல்லுக்கட்டி அறுத்து, ராவி, கத்தி உருவத்துக்குக் கொண்டு வந்தாயிற்று. இப்போது அது கரிக்குள் பழுத்துக் கிடக்கிறது. இடுக்கியில் தூக்கி, மெக்கானிக் கடையில் சும்மா கொடுத்த கழிவு ஆயிலில் ஒரே முக்கு. புஸ்ஸென்று தீ எழும்புகிறது. பக்கத்தில் நிற்கும் நண்பன் செல்போனில் படம் பிடிக்கிறான். ஆறியதும் அரத்தை வைத்து ஒரு இழுப்பு. அரம் வழுக்குகிறது. "ஹார்ட் ஆயிடுச்சுடா!"

இரண்டு வாரம் கழித்து அதே கத்தி ஒரு தேங்காய் ஓட்டின் மேல் பட்டதும் நுனியில் ஒரு அங்குலம் துண்டாகப் போய்விடுகிறது. உடனே தீர்ப்பு தயார்: "இரும்பு சரியில்லை மச்சி. டூப்ளிகேட் பட்டை."

கத்தி செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் மத்தியில் இந்தத் தீர்ப்பைப் போல சுலபமாக வழங்கப்படும் தீர்ப்பு வேறில்லை. குற்றவாளிக்கு வாய் கிடையாது, வக்கீல் கிடையாது. பட்டறைக்காரர், சாட்சி, நீதிபதி மூன்று பேரும் ஒரே ஆள். உலை எத்தனை டிகிரியில் இருந்தது, எண்ணெய் என்ன எண்ணெய், டெம்பரிங் செய்த அடுப்பு உண்மையில் என்ன சூட்டில் இருந்தது என்று ஒரு கேள்வியும் இல்லை. அடுத்த ஞாயிறு வேறு இரும்பு, அதே உலை, அதே கழிவு ஆயில், அதே தப்பு.

சரி, எஃகுக்காக யாராவது வாதாட வேண்டாமா?

முதலில் நடப்பது என்னவென்று சுருக்கமாக. எஃகு என்பது இரும்பும் கொஞ்சம் கார்பனும். ஏறக்குறைய 727 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மாறத் தொடங்குகிறது. அந்தப் புதிய அடுக்குக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். கார்பன் அதில் நன்றாகக் கரையும். அந்த நிலையில் சட்டென்று குளிர வைத்தால் கார்பனுக்கு வெளியே வர நேரம் கிடைப்பதில்லை, சிக்கிக்கொள்கிறது. அப்படிச் சிக்கி இறுகிப் போனதுதான் மார்ட்டென்சைட். அரம் வழுக்கும் அளவுக்குக் கடினம், கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம். அதை 200 டிகிரி பக்கம் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் கொஞ்சம் கடினம் குறைந்து நிறைய தாங்கும் சக்தி வருகிறது. இதுதான் டெம்பரிங். சூடேற்று, முக்கு, பதப்படுத்து... மூன்றே படி. மூன்றிலும் எண்கள் உண்டு. அந்த எண்களைப் பார்க்க மறுப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பரம்பரை வியாதி.

இரும்பு வாங்கும் இடத்திலிருந்தே அது தொடங்கிவிடுகிறது. "லாரி பட்டைன்னா நல்ல எஃகு, எல்லாருக்கும் தெரியும்." எல்லாருக்கும் தெரியும், எந்த எஃகு என்று மட்டும் யாருக்கும் தெரியாது! அமெரிக்கப் பட்டையாக இருந்தால் 5160 ஆக இருக்கலாம். சுமார் 0.6 சதவீதம் கார்பன், கொஞ்சம் குரோமியம். இந்தியச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் சிலிக்கானும் மாங்கனீசும் சேர்ந்த இ.என். 45 வகையும் உண்டு, குரோமியம் வனேடியம் சேர்ந்த வகையும் உண்டு. 5160-க்கு 830 டிகிரி பக்கம் போதும். சிலிக்கான் வகை அதைவிட ஐம்பது டிகிரிக்குக் குறையாமல் கூடுதலாகக் கேட்கும். கையில் இருப்பது எது என்று தெரியாதவருக்கு, எந்தச் சூட்டில் முக்க வேண்டும் என்பதும் தெரியாது. போதாததற்கு லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்கனவே உட்கார்ந்திருக்கலாம். அது உலையில் காணாமல் போகாது. எண்ணெயில் முக்கும்போது வாயைத் திறக்கும்.

"ஆனா இது இலவசம் ஆச்சே" என்பார்கள். இங்கேதான் காமர்ஸ் வகுப்பில் முதல் வருடமே சொல்லித் தரும் பாடம் உதவும். மூலப்பொருள் ஒரு செலவு, உழைப்பு இன்னொரு செலவு. பட்டை இலவசம், அதை அறுத்து ராவிய முப்பது மணி நேரம்? கிரைண்டர் பெல்ட்? கரி? அறுந்த கைத்தோல்? :-) எழுத்தில் கலவை விவரம் கொடுத்து விற்கப்படும் 1084 போன்ற எளிய கார்பன் எஃகுப் பட்டி ஒன்றின் விலை, ஒரு கத்தியின் மொத்த அடக்க விலையில் சின்னப் பகுதி. அந்தச் சின்னப் பகுதியை மிச்சம் பிடிக்கப் போய் மீதி அத்தனையையும் சூதாட்டத்தில் வைப்பதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்தால் அடக்கவிலைக் கணக்கு நடத்தும் வாத்தியார் அழுதுவிடுவார்.

1084-ஐப் பெயர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதில் கார்பன் 0.8 முதல் 0.93 சதவீதம் வரை. 727 டிகிரியில் முழுதாக ஆஸ்டெனைட்டாக மாறும் கலவைக்கு மிக நெருக்கம். அதனால் நீண்ட நேரம் உலையில் ஊறவைக்கும் வசதி இல்லாத ஆளுக்கும் அது ஒத்துழைக்கும். ஆனால் புதிதாக வருபவர் அதை வாங்க மாட்டார். பெரிய பெயராக இருக்கிறதே என்று 1095 வாங்குவார். அதற்கும் அடுத்தபடி, ஸ்டெயின்லெஸ் 440சி வாங்கி, 1050 டிகிரி கேட்கும் அந்த எஃகைக் கரி உலையில் காந்தம் ஒட்டாத வரை காய்ச்சி முக்கிவிட்டு, "சைனா மால்" என்று அதையும் திட்டுவார்.

காந்தம் என்றதும் ஞாபகம். இந்தத் தொழிலின் பாதி ஞானம் காந்தத்தில் தொங்குகிறது. "காந்தம் ஒட்டாமல் போனால் முக்கு." இரும்பு காந்த குணத்தை இழப்பது 770 டிகிரி வாக்கில். 1084-க்கு வேண்டியது 800 முதல் 815 வரை. ஆக காந்தம் சொல்வது "கிட்ட வந்தாச்சு" என்பதை மட்டும்தான். "வந்து சேர்ந்தாச்சு" என்று அது சொல்லவே இல்லை. ஒட்டாமல் போன அந்த நொடியிலேயே முக்கியவரின் கத்தி அரைகுறையாக மாறிய கத்தி. இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஒட்டலையா, நல்லது, இன்னும் கொஞ்சம் காயட்டும், சேஃப்டிக்கு" என்று ஆரஞ்சு நிறம் வரும் வரை விட்டுவிடும். அது சேஃப்டி இல்லை. ஏன் என்பது கொஞ்சம் கீழே.

அதிலும் மதிய வெயிலில் நிறம் பார்ப்பது இருக்கிறதே! மங்கலான கொட்டகைக்குள் நல்ல சிவப்பாகத் தெரியும் இரும்பு, வெயிலில் கருப்பாகத்தான் தெரியும். வெயிலில் "இப்பதான் சிவக்குது" என்று தோன்றும்போது உள்ளே சூடு எல்லை தாண்டியிருக்கும். ஊர்க் கொல்லர் பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று இவர்கள் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஜன்னல் வைக்கக் காசில்லாமல் அல்ல. தெர்மோகப்பிள் ஒன்றை உலைக்குள் நீட்டி வைத்தால் இந்த வாதமே தேவையில்லை. ஆனால் அது "ஃபீல்" இல்லையாம்.

இனி அரம். முக்கி எடுத்தபின் புது அரத்தால் இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். கெட்டது, அதை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி நம்புவது. அரம் இரண்டு விதமாகப் பொய் சொல்லும்.

முதல் பொய்: கடினமான கத்தியை மெதுவானது என்று சொல்வது. உலையில் காற்று பட்டு நேரம் போகப் போக, கத்தியின் மேல்தோலில் இருக்கும் கார்பன் எரிந்து வெளியே போய்விடுகிறது. காகிதக் கனத்துக்கு ஒரு பிணமான தோல். அதன் அடியில் எஃகு பிரமாதமாகக் கடினமாகியிருக்கும், ஆனால் அரம் தோலைக் கடிக்கும். பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தியைத் திரும்ப உலையில் போடுவார். அது இன்னும் கார்பனைத் தின்னும். மறுபடி அரம் கடிக்கும். மறுபடி உலை, இந்த முறை இன்னும் அதிக சூடு. நல்ல கத்தியை நாலு முறை வதைத்துக் கெட்ட கத்தியாக்கியபின் சொல்வார்: "அப்பவே சொன்னேன், இந்த எஃகுல கார்பன் இல்ல." இருந்தது ஐயா. தோலை ஒரு ஓரத்தில் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு முறை அரத்தை இழுத்திருந்தால் விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இரண்டாவது பொய் ஆபத்தானது. அரம் வழுக்கினால் கத்தி கடினம் என்று தெரியும். நல்ல கத்தி என்று தெரியாது. மிதமிஞ்சிக் காய்ச்சிய கத்தியிலும் அரம் அழகாக வழுக்கும். தேங்காய் ஓட்டில் உடைந்த அந்தக் கத்தியும் அரப் பரீட்சையில் பாஸ் ஆனதுதான், மறக்க வேண்டாம்.

உடைந்ததற்கான காரணம் உடைந்த முகத்திலேயே எழுதியிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. எஃகு சிறு சிறு மணிகளால் ஆனது. தேவைக்கு மேல் சூடு ஏற ஏற அந்த மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருக்கின்றன. மணி பெருத்தால் விரிசல் ஓடுவதற்கு ராஜபாட்டை. சரியாகக் காய்ச்சி முக்கிய 1084-ஐ உடைத்துப் பார்த்தால் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், பட்டுத்துணி மாதிரி, மணி தெரியாமல் இருக்கும். மிகையாகக் காய்ச்சியதை உடைத்தால் சர்க்கரையைக் கொட்டி ஒட்டியது போல மினுமினுக்கும். நுண்ணோக்கி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், வெறும் கண் போதும். மாடியில் ஆரஞ்சு நிறம் வரும் வரை "சேஃப்டிக்கு" காய்ச்சியதன் விளைவு அந்த மினுமினுப்பு. 1095 போல கார்பன் கூடிய எஃகாக இருந்தால் இன்னொரு தண்டனையும் உண்டு: அதிக சூட்டில் அதிக கார்பன் கரைந்து, முக்கியபின்பும் கொஞ்சம் ஆஸ்டெனைட் மாறாமல் அப்படியே தங்கிவிடும். அது மெதுவான பொருள். ஆக, நொறுங்கவும் செய்யும், எதிர்பார்த்த கடினமும் வராது.

இதற்கு மருந்து இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. முக்குவதற்கு முன், கத்தியை 870 டிகிரி பக்கம் ஒரு முறை, 815 பக்கம் ஒரு முறை, 760 பக்கம் ஒரு முறை என்று இறங்குவரிசையில் சூடேற்றி ஒவ்வொரு முறையும் காற்றில் கருக்கும் வரை ஆற விட்டால், அடுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் மணிகள் புதிதாகச் சின்னதாகப் பிறக்கின்றன. பணச்செலவு இல்லை. இருபது முப்பது நிமிடம். எளிய கார்பன் எஃகில் பெருத்த மணியைக்கூட இப்படித் திருப்பிக் கொண்டு வரலாம். ஆனால் மணி பெருத்திருக்கிறது என்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? தெரிய வேண்டுமென்றால் ஒன்றை உடைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் கழன்றுகொள்கிறார்கள். "மூணு வாரம் உழைச்சிருக்கேன், உடைக்கச் சொல்றியா?" ஏற்கனவே போன செலவைக் காட்டி அடுத்த முடிவை எடுக்காதே என்று பொருளாதாரத்தில் தலைதலையாய் அடித்துக்கொள்கிறார்கள். அந்த மூன்று வாரம் போனது போனதுதான். உடைத்தாலும் போனது, உடைக்காவிட்டாலும் போனது. கேள்வி, இந்தக் கத்தி யார் கையில் உடையப் போகிறது என்பது மட்டும். அதுவும் முழுக் கத்தியை உடைக்க வேண்டியதில்லை. அதே பட்டியில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, கத்தியோடு சேர்த்தே காய்ச்சி, சேர்த்தே முக்கி, அதை வைஸில் பிடித்துத் துணி போர்த்திச் சுத்தியால் ஒரு தட்டு. (கண்ணாடி போட்டுக்கொண்டு. முக்கிய எஃகு உடையும்போது தெறிக்கும்.) அந்தத் துண்டின் விலை ஒரு டீயும் வடையும்கூட ஆகாது. அதைச் செய்யாதவர், மரக் கைப்பிடிக்கு எந்த எண்ணெய் தேய்த்தால் பளபளக்கும் என்று மூன்று நாள் விசாரித்துக்கொண்டிருப்பார்.

எண்ணெய் என்றால் முக்கும் எண்ணெய்க் கதை இன்னும் சோகம். கத்தி கடினமே ஆகவில்லை என்றால் மூன்று சந்தேகங்கள்: சூடு போதவில்லை, எஃகில் கார்பன் போதவில்லை, ஆறிய வேகம் போதவில்லை. மூன்றாவதை யாரும் தொடுவதில்லை. 1095-இல் மாங்கனீஸ் குறைவு. 540 டிகிரி பக்கத்தில் ஒரு கண்டம் இருக்கிறது. அதை ஒரு நொடிக்குள் தாண்டினால்தான் மார்ட்டென்சைட். கெட்டியான பழைய என்ஜின் ஆயில் அந்த வேகத்துக்குக் கிட்டவே வராது. கொடுப்பது புகையும் கரியும் அதில் கரைந்திருக்கும் கண்ட உலோகமும். அதை மூச்சில் இழுப்பது வேறு. கத்திக்கும் கேடு, நெஞ்சுக்கும் கேடு. ஆனாலும் சும்மா கிடைக்கிறதே!

அதைவிட்டு சமையல் எண்ணெய்க்கு வந்தவரும் அதைப் பச்சையாக வைத்து முக்குவார். சில்லென்று இருந்தால் சீக்கிரம் ஆறும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. குளிர்ந்த எண்ணெய் கெட்டி. கத்தியைச் சுற்றி நகராது. 50 - 55 டிகிரிக்குச் சூடாக்கினால் இளகி ஓடி வேகமாகச் சூட்டை வாங்கும். முக்கியவுடன் கத்தியைச் சுற்றி ஆவிப்படலம் ஒன்று போர்வை மாதிரி சூழும். அதைக் கலைக்கக் கத்தியை அதன் கூர்முனை வாக்கில் வெட்டுவது போல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் முன்னால் ஆறி, கத்தி வாழைப்பழமாக வளையும். அப்புறம் வளைந்ததற்கும் எஃகின் மேல் பழி. அளவு இன்னொன்று. பெயிண்ட் டப்பாவில் அரை லிட்டர் ஊற்றி வைத்துக்கொண்டு நாலு கத்தி முக்குவோர் உண்டு. நாலைந்து லிட்டராவது, இரும்புப் பாத்திரத்தில், மூடி பக்கத்திலேயே. அந்தத் தீப்பந்தம் படத்துக்கு அழகு. பிளாஸ்டிக் வாளியில் அதே வேலை செய்தால் படம் எடுக்க ஆள் இருக்க மாட்டார்.

விரிசல் பற்றி ஒரே பத்தி போதும். முக்கும்போது "டிங்" என்று சத்தம் கேட்டால் கதை முடிந்தது. ஒட்ட முடியாது, மறைக்கலாம், மறைக்கக் கூடாது. தண்ணீரில் முக்கியது, கூர்முனையைப் பேப்பர் மாதிரி ராவிவிட்டு முக்கியது (ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டுவைக்க வேண்டும்), கிரைண்டரின் ஆழமான குறுக்குக் கீறலைத் தேய்க்காமல் முக்கியது, மிகை சூடு. பெரும்பாலும் இந்த நாலில் ஒன்று. எஃகு இந்த வரிசையில் ஐந்தாவது.

அப்புறம் டெம்பரிங். இங்கே நிறம் பார்க்கும் ஜோசியர்கள் மறுபடி வருவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகைச் சூடாக்கினால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறுவது உண்மை. ஆனால் அந்த நிறம் மேற்பரப்பின் சூட்டை, அதுவும் அங்கே இருந்த நேரத்தைப் பொறுத்துக் காட்டுவது. 200 டிகிரியில் ஐந்து நிமிடமும் ஐந்து மணி நேரமும் ஒரே நிறம் தராது. கலவையில் குரோமியம் இருந்தால் கணக்கே வேறு. கடினமாகாத வெறும் இரும்புக் கம்பியிலும் அதே வைக்கோல் நிறம் வரும்! நிறம் வந்ததால் கத்தி பதமாகிவிட்டது என்பது, மாணவன் பேனாவைத் திறந்ததால் பரீட்சை எழுதிவிட்டான் என்பது போல.

"ஸ்பிரிங்னா நீலம். நீலம் வர வரைக்கும் காய்ச்சினா வளையும், உடையாது" என்று ஒரு வேதவாக்கு. எளிய கார்பன் எஃகில் 260 முதல் 370 டிகிரி வரை டெம்பரிங் செய்தால் கடினமும் குறையும், தாங்கும் சக்தியும் பல நேரம் குறையும். உலோகவியல் புத்தகங்களில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. அந்த நீலம் சரியாக இந்தக் குழிக்குள்தான் விழுகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம் தரும் ஒரே பேரத்தை ரகசிய சூத்திரமாக விற்கிறார்கள்.

இன்னொரு பக்கம், வீட்டு அவனின் குமிழ் 200 என்று காட்டினால் உள்ளே 200 என்று நம்பும் அப்பாவிகள். வீட்டு அவன்கள் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் சராசரியைப் பிடிக்கும். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர், ஒரு தட்டு மணல், அதற்குள் கத்தி. முடிந்தது. இதெல்லாம் சரியாகச் செய்து, கடைசியில் பெல்ட் கிரைண்டரில் கூர் வைக்கும்போது தண்ணீரில் தோய்க்காமல் அழுத்தி, கூர்முனையில் நீலக்கோடு வரவழைத்து, மொத்த உழைப்பையும் பத்து நொடியில் பொசுக்குவோரும் உண்டு. "முதல் வாரம் நல்லா வெட்டிச்சு, அப்புறம் மொக்கை" என்று அவர்களும் எஃகைத்தான் திட்டுவார்கள்.

எஃகை மந்திரமாகப் பார்ப்பது இன்று நேற்று வந்ததில்லை. 12-ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய கைவினை நூலில், கருவிகளை முக்குவதற்கு ஃபெர்ன் இலை தின்ற ஆட்டின் மூத்திரம், இல்லாவிட்டால் செம்பட்டை முடிச் சிறுவனின் மூத்திரம் என்று குறிப்பு இருக்கிறது. சிரிக்கலாம். ஆனால் அதில் ஒரு துளி உண்மை இருந்தது: உப்புத் தண்ணீர் வெறும் தண்ணீரைவிட வேகமாக ஆற வைக்கும், ஆவிப்போர்வையை உடைக்கும். ஆட்டுக்கும் முடி நிறத்துக்கும் பங்கில்லை. எது வேலை செய்தது, எது சும்மா கூட நின்றது என்று பிரித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்று கத்தியை வடக்கு பார்த்து முக்கினால் நேராக இருக்கும் என்று சொல்பவர் அந்தத் துறவியைப் பார்த்துச் சிரிக்க லாயக்கில்லாதவர்.

தென்னிந்தியாவின் உருக்கு, வெள்ளைக்காரன் வாயில் 'வூட்ஸ்' ஆனது, இதற்கு இன்னும் நல்ல உதாரணம். 1819-இல் மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ந்து, அலுமினாவும் சிலிக்காவும் சிறிதளவு கலந்ததால்தான் அதற்கு அந்தச் சிறப்பு என்று முடிவு கட்டினார். தப்பு. ஃபாரடேவுக்கே தப்பு! 1990-களில் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கத்திக் கொல்லரும் சேர்ந்து, உருக்கி, அடித்து, கலவையை அளந்து, திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, டமாஸ்கஸ் வாளின் அலைக்கோலத்துக்கு வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறு அளவில் இருந்ததே காரணம் என்று 1998-இல் எழுதினார்கள். ஒருவர் கையில் சம்மட்டி, இன்னொருவர் கையில் நுண்ணோக்கி. ஃபாரடே தப்பாகச் சொன்னாலும் சோதித்துச் சொன்னதால்தான் அதைத் திருத்த முடிந்தது. "எங்க உலையோட ராசி" என்பதை யார் எப்படித் திருத்துவது?

இவ்வளவு சொன்னதும் கடைசி அஸ்திரம் வரும். "எங்க ஊர்க் கொல்லர் தெர்மாமீட்டர் வெச்சிருந்தாரா? அவர் போட்ட தோய்ச்சல் இருபது வருஷமா நிக்குது." நிற்கட்டும், சந்தோஷம். அந்தக் கொல்லரைப் பார்த்தால்தான் இவர்கள் வாதம் எவ்வளவு பொத்தல் என்று புரியும். அவர் முப்பது வருடம் ஒரே பட்டறையில், ஒரே இருட்டில், ஒரே உலையில் வேலை செய்கிறார். இரும்பு பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். அரிவாளின் கூர்ப்பக்கத்தை மட்டும் தோய்த்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு கூர்முனைக்கு ஏறி வருவதை நிறத்தில் பார்த்து, சரியான நேரத்தில் மறுபடி தோய்த்து நிறுத்துகிறார். தப்பாகப் போனால் மறுநாள் காலை அந்த அரிவாள் பட்டறை வாசலில் வந்து நிற்கும், பிடித்த கையோடு, திட்டோடு. ஆயிரக்கணக்கான முறை ஒன்றையே செய்து, ஒவ்வொன்றின் முடிவையும் நேரில் கேட்டவர் அவர். மாறாத நிலைமை, தவறாத மறுமொழி. அவர் கண்தான் தெர்மாமீட்டர். அளவு சரிபார்க்கப்பட்ட தெர்மாமீட்டர். ஞாயிறுதோறும் இரும்பையும் எண்ணெயையும் சூட்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, வருடத்துக்கு ஆறு கத்தி செய்பவர் அவர் பெயரைத் தன் சோம்பேறித்தனத்துக்குக் குடையாகப் பிடிப்பது அந்தக் கொல்லருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவமரியாதை.

உடைந்தால் என்ன, பொழுதுபோக்குதானே என்று விடலாம்தான், கத்தி செய்தவரின் மேசையிலேயே கிடந்தால். கிடப்பதில்லை. மூன்றாவது கத்தியே மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகப் போகிறது. ஐந்தாவது கத்தி காசுக்குப் போகிறது. அதை வைத்துப் பூசணிக்காயை ஓங்கி வெட்டப் போகும் அத்தைக்கு மணி பெருத்திருப்பது தெரியாது. கைப்பிடி அழகாக இருப்பது மட்டும்தான் தெரியும். காசு வாங்கிய நிமிடமே அது பொழுதுபோக்கு இல்லை, வியாபாரம். வியாபாரத்தில் சரக்கின் குறையை விற்பவர்தான் முதலில் தேட வேண்டும்.

ஆகவே தேங்காயில் உடைந்த கத்திக்காரர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். மீதிக் கத்தியைக் குப்பையில் போடாமல், உடைந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மினுமினுத்தால் சூடு அதிகம். பட்டு மாதிரி இருந்தும் உடைந்திருந்தால் டெம்பரிங் அவனில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த முகத்தில் ஒரு ஓரம் கருப்பாகவோ நிறம் ஏறியோ இருந்தால் விரிசல் முக்கும்போதே விழுந்தது. டெம்பரிங் சூடு அந்த விரிசலுக்குள் புகுந்து நிறம் ஏற்றியிருக்கிறது. அடுத்த கத்திக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஒரே ஒன்றை, அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். மூன்று கத்தி அப்படிப் போனபிறகும் உடைந்தால், கலவை விவரத்தோடு வாங்கிய பட்டியாகவும் இருந்தால், அப்போது எஃகைக் கூண்டில் ஏற்றலாம். கடைக்காரரிடம் பில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது.